செக்ரோலும் வெற்றுச் சுட்டும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் எழுத்தறியாதாரும் நன்கறிந்த ஏடு ஒன்று இருந்தது. அதற்குச் செக்ரோல் என்று பெயர். இடப்பக்கத்தில் தொழிலாளர் பெயர், அதனையடுத்து நாளுக்கு ஒன்றாக முப்பத்தொரு கட்டங்கள், வலக்கோடியில் கூட்டுத்தொகை. விடியற்காலைப் பெரட்டில் வந்து நின்றவர் எவர், மாலை நிறுவையில் எவர் கூடை எவ்வளவு நின்றது என்பனவெல்லாம் அக்கட்டங்களில் ஏறும். மாத முடிவில் கூலி அந்த ஏட்டிலிருந்துதான் பிறக்கும். இலங்கை மலையகத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றும், பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' என்றும் கூறும் வழக்கு உண்டு. பெயரே கூலியாகிவிட்ட இச்சொல்லாட்சி, செக்ரோலின் ஒரு கட்டம் ஒரு தோட்டக் குடும்பத்துக்கு எத்துணைப் பெரிது என்பதைக் காட்டும்.

கட்டத்தில் எண் இருந்தால் ஐயம் இல்லை. எண் இல்லாத கட்டத்தைக் கண்டால் என்ன கொள்வது? அந்தப் பெண் அன்று வேலைக்கு வாராதிருந்திருக்கலாம். காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் இருந்திருக்கலாம். பேறுகால விடுப்பில் இருந்திருக்கலாம். வேறு பிரிவுக்குக் களை எடுக்க அனுப்பப்பட்டு, அவள் பேர் அங்குள்ள ஏட்டில் ஏறியிருக்கலாம். அல்லது, கிராணியார் எழுத மறந்திருக்கலாம். இவை ஐந்தும் ஐந்து வேறு செய்திகள். ஏட்டில் தெரிவதோ ஒரே வெண்மை.

இது வெறும் எழுத்துச் சிக்கல் அன்று. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலாளர் பதிவேட்டை முதலாளி வைத்திருத்தல் வேண்டும் என விதிக்கிறது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்க்கு ஊதியத்துடன் ஆண்டுக்கு 60 நாள் வரை விடுப்பு உண்டு. தகுதியுடைய பெண்களின் பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்து, 2023 சனவரி முதல் 98 நாளாக உயர்ந்தது. ஆகவே வாராதவர் அனைவரும் கூலியில்லாதவர் அல்லர். வெற்றுக் கட்டத்தைச் சுழியம் என்று படித்துவிட்டால், சட்டம் கொடுத்த கூலியை ஏடு பறித்துக்கொள்ளும்.

நல்ல கிராணியார் இதனை அறிவார். கட்டத்தை வெறுமையாக விடாமல், வாராதவர்க்கு ஒரு குறி, நோயாளிக்கு ஒரு குறி, வேற்றுப் பிரிவுக்குச் சென்றவர்க்கு ஒரு குறி என்று இட்டுவைப்பார். இந்த எளிய வழக்கத்தை மறந்ததனால் கணினி உலகம் அறுபது ஆண்டுகளாகப் படும் பாட்டை ஈண்டுக் காணலாம். இன்று பெருநிறுவனங்களின் கூலிக் கணக்கும் இருப்புக் கணக்கும் கணினிக்குள் சென்றுவிட்டன. அவற்றுக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் முட்டிக்கொள்ளும் வழுக்களுள் முதன்மையானது அவ்வெற்றுக் கட்டமே. ஆங்கிலத்தில் அதனை 'நல்' என்பர். தமிழில் வெற்றுச் சுட்டு எனலாம்.

தேநீர்க் கடை பெற்ற கணிப்பொறி

கணினியை முதன்முதலாக வாணிகக் கணக்குக்கு ஆட்படுத்தியது வங்கியன்று, படையன்று. ஒரு தேநீர் நிறுவனம். இலண்டனில் தேநீர்க் கடைகளை நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம் 1947இல் தன் அலுவலர் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, மின்கணிப்பொறி என்னும் புதுமையைப் பார்த்துவரச் செய்தது. அவர்கள் திரும்பியபின், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகிக்கொண்டிருந்த எட்சாக் பொறிக்கு 3000 பவுன் நன்கொடை அளித்தது. பின்னர் அதனைப் பின்பற்றித் தன் சொந்தப் பொறியைக் கட்டிக்கொண்டது. அதற்கு லியோ என்று பெயரிட்டனர். 1951 நவம்பரில் அடுமனைப் பண்டங்களின் விலைக் கணக்கை அது வாரந்தோறும் போடத் தொடங்கிற்று. 1954இல் ஊழியர் ஊதியக் கணக்கும் அதனிடம் வந்தது. தேர்ந்த எழுத்தர் ஒருவர் ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் முடித்த ஒருவர் ஊதியத்தை லியோ ஒன்றரை விநாடியில் முடித்ததாம். அதன் நினைவகம் 2048 சொற்களே கொள்ளும். பாதரசக் குழாய்களில் ஒலி அலையாக அவை ஓடிக்கொண்டிருந்தன.

லியோவின் முறைவகுப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய டேவிட் காமினரும் அவர் குழுவினரும், எழுத்தர்கள் உண்மையில் எவ்வாறு வேலை செய்கின்றனர் என்பதை உற்று நோக்கிய பின்னரே நிரலை எழுதினர். விதிவிலக்குகளே அவர்களுக்குப் பெரும்பணியாயின. வழக்கமான ஊழியரின் ஊதியத்தைக் கணக்கிடுவது எளிது. வாரத்தின் நடுவே நோயுற்றவர், வேலையிலிருந்து நின்றவர், முன்பணம் வாங்கியவர் இவர்களே நிரலை நீளச் செய்பவர்கள். செக்ரோல் எழுதிய எவரும் இதைக் கேட்டு வியப்படையார்.

கொழும்பில் பிறந்தவர்

கேமரன் மலைக்குத் தேயிலை வந்த வழியில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், போ தோட்டத்தைத் தொடங்கியபோது அவர்க்குத் துணை நின்ற ஏ. பி. மில்ன், இலங்கையில் பட்டறிவு பெற்ற தேயிலைத் துரை. வெற்றுச் சுட்டின் வரலாறும் அதே இலங்கைத் தேயிலையைத் தொட்டுச் செல்வது சுவையான செய்தி. 1934 சனவரி 11ஆம் நாள் கொழும்பில் டோனி ஹோர் பிறந்தார். தந்தையார் குடியேற்ற நாட்டு ஆட்சிப் பணியாளர். தாயாரோ ஒரு தேயிலைத் தோட்டக்காரரின் மகள்.

ஹோர் கணிதம் பயின்று கணினிக்கு வந்தவர் அல்லர். ஆக்ஸ்போர்டில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் மெய்யியலும் கற்றார். கடற்படையில் உருசிய மொழி பயின்றார். மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, சொற்களை அகரவரிசைப்படுத்தும் தேவையிலிருந்து 'விரைவரிசை' என்னும் புகழ்பெற்ற முறையைக் கண்டார். மொழியாசிரியர்கள் பெருமைப்படத்தக்க பிறப்பு அம்முறைக்கு! 1960இல் எலியட் சகோதரர்கள் என்னும் கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அல்கால் மொழிக்கு அவர் ஆக்கிய மொழிமாற்றியில் ஒரு காவல் இருந்தது. நூறு கட்டம் உள்ள பட்டியலில் நூற்றொன்றாம் கட்டத்தை நிரல் கேட்டால், பொறி உடனே நின்று பிழையைக் கூறும். இக்காவலால் வேகம் குறைகிறது. வேண்டாவெனில் நீக்கித் தருகிறோம் என்று வாங்குவோரைக் கேட்டபோது, அனைவரும் ஒருமுகமாக வேண்டாம் என மறுத்துவிட்டனர். தவறான விடையை விரைவாகப் பெறுவதினும், நின்றுபோதல் மேல் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தார்கள்.

இத்தகைய காவலுணர்வு உடையவர்தாம் 1965இல் வெற்றுச் சுட்டைப் படைத்தார் என்பது வியப்பு.

அவர் அப்போது எண்ணிக்கொண்டிருந்தது, உலகப் பொருள்களைக் கணினியில் எவ்வாறு பதிவது என்பது பற்றி. 'தொழிலாளி' என்பதை ஒரு வகுப்பு எனக் கொள்க. பெயர், பிரிவு, நாட்கூலி என்பன அவ்வகுப்பின் பண்புகள். அவ்வகுப்பைச் சேர்ந்த ஒவ்வொருவரும் ஒரு பொருள். ஒரு பொருள் மற்றொன்றைச் சுட்டும். தொழிலாளி தன் பிரிவைச் சுட்டுவாள், பிரிவு தன் கங்காணியைச் சுட்டும். தமிழில் அகர இகரங்கள் சேய்மையும் அண்மையும் சுட்டுவது போல, கணினியின் சுட்டு நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும். எந்தச் சுட்டு எவ்வகுப்பைச் சுட்டலாம் என்பதை முன்னரே அறிவித்துவிட்டால், நிரல் ஓடுமுன்னே மொழிமாற்றி பிழைகளைக் கண்டுவிடும். கங்காணி நிற்க வேண்டிய இடத்தில் கூடையைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது.

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. 'அவன் வந்தது' என்று மாணவன் எழுதினால் திணை வழு என்று சிவப்பு மையில் கோடிடுகிறோம். வந்தவன் உண்மையில் எவன், எங்கிருந்து வந்தான் என்று ஆராய வேண்டுவதில்லை. சொல்லின் வடிவமே வழுவைக் காட்டிக்கொடுக்கும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே உயர்திணை, அஃறிணை என வகுத்தார். ஹோர் நாடிய காவலும் அவ்வகையினதே.

ஆயின், சுட்டுவதற்கு ஒன்றும் இல்லாத நிலை வருமே? புதிதாக அமைந்த பிரிவுக்கு இன்னும் கங்காணி அமர்த்தப்படவில்லை. வரிசையில் கடைசியாக நிற்பவர்க்கு அடுத்தவர் இல்லை. அப்போது சுட்டு எதைச் சுட்டும்? எதையும் சுட்டாத ஒரு குறியை ஹோர் மொழியில் சேர்த்தார். பொறியில் அதனை அமைப்பது மிக எளிது என்பதே அவரை ஈர்த்த காரணம் என்று பின்னாளில் அவரே கூறினார். அந்தக் குறி எல்லா வகுப்புக்கும் பொதுவாயிற்று. தொழிலாளி என்ற இடத்திலும் நிற்கும். கங்காணி என்ற இடத்திலும் நிற்கும். கூடை என்ற இடத்திலும் நிற்கும். இலக்கண நூலார் விரவுப்பெயர் என்று கூறுவதையும் விஞ்சி, உலகிலுள்ள எல்லா வகுப்புக்கும் உரிய விரவுப்பெயர் அது. அதனால் எந்தத் திணை வழுவும் அதனிடம் தோன்றாது. காவற்காரன் அதனைக் கண்டும் வழிவிட்டுவிடுவான். வினை செய்யச் சொல்லும்போதுதான் அங்கே ஆள் இல்லை என்பது தெரியும்.

இல்லாததற்கும் பெயருண்டு

தமிழ் இலக்கணம் மறைந்து நிற்பதை வேறு வகையாக நடத்துகிறது. 'கொழுந்து பறித்தாள்' என்பதில் ஐ உருபு இல்லை. எனினும் இலக்கணம் கற்றவர் அதனை வெற்றிடம் என்று கூறார். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பார். மறைந்தது எதுவோ அதன் பெயராலேயே மறைவை வழங்குவது நம் மரபு. உருபுடைய வேற்றுமைகள் ஆறு. ஆகவே வேற்றுமைத் தொகையும் ஆறு. அதே தொடரில் பறித்தவள் பெயரும் இல்லை. அதுவும் தோன்றா எழுவாய் என்று பெயர் பெறும். 'ஆள்' என்னும் விகுதி அவள் பெண்பால், படர்க்கை, ஒருமை என்று காட்டிவிடும். தோன்றாதவளைப் பற்றி இவ்வளவு கூறும் வினைமுற்று தமிழுக்குண்டு. ஹோரின் வெற்றுச் சுட்டுக்கு விகுதி இல்லை. இல்லாதது எவ்வகையினது, ஏன் இல்லை என்ற இரண்டையும் அது மறைத்துவிடும்.

ஹோரின் பதிவு வகுப்புகளைப் பற்றிய எண்ணம் 1966 செப்டம்பரில் பிரான்சின் வில்லார் டி லான் என்னும் ஊரில் நடந்த கோடைப்பள்ளியில் விரிவுரையாக வெளிப்பட்டது. நார்வே நாட்டுக் கணிப்பொறி நிலையத்தைச் சேர்ந்த ஓலே யோகான் தால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர்க்கும் அது ஊன்றுகோலாயிற்று. மறு ஆண்டில் அவர்கள் அறிவித்த சிமுலா 67 மொழியிலேதான் வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகிய மூன்றும் ஒருங்கே முழு வடிவில் தோன்றின. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தாய் அதுவே. தாயின் சீதனத்தோடு வெற்றுச் சுட்டும் வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு 'நன்' என்று பெயர். 1979இல் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய பணி சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. 1995இல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டது. (மலேசியர்க்கு ஜாவா ஒரு தீவு, நிரலர்க்கு அது காப்பியின் பெயரால் வந்த மொழி. தேயிலைக் கட்டுரையில் காப்பி நுழைவதைப் பொறுத்தருள்க.) வங்கி, காப்புறுதி, வானூர்தி, ஊதியம் எனப் பெருநிறுவன வேலைகளைப் பெரும்பாலும் ஜாவாவும், அதற்குப்பின் வந்த சி ஷார்ப்பும் ஏற்றுக்கொண்டன. வெற்றுச் சுட்டும் உடன் சென்றது.

அன்றாடத் துன்பம் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கூலிச் சீட்டின் அடியில் கங்காணியின் பெயர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரல், தொழிலாளியின் பிரிவின் கங்காணியின் பெயர் என்று சங்கிலியாகக் கேட்கும். ஆறாம் உருபு அடுக்கி வருவது போன்றது இது. ஆயிரம் பேருக்குச் சீட்டு அச்சாகிவரும்போது, நானூற்றிரண்டாம் பெண்ணின் பிரிவுக்குக் கங்காணி குறிக்கப்படவில்லை என்றால், பெயர் கேட்ட இடத்தில் ஆள் இல்லை. நிரல் அங்கேயே நின்றுவிடும். அவளுக்குப் பின்னுள்ளோர் யாருக்கும் அன்று சீட்டு இல்லை. நின்ற நிரல் ஜாவாவில் எந்த வரியில் நின்றது என்று கூறும். அந்த வரியிலுள்ள சங்கிலியில் எந்தக் கண்ணி அற்றது என்று கூறாது. தொழிலாளியே இல்லையா, பிரிவு இல்லையா, கங்காணி இல்லையா என்று நிரலர் இரவெல்லாம் தேட வேண்டும். எந்தக் கண்ணி என்று ஜாவா வாய்திறந்து கூறத் தொடங்கியது, மொழி பிறந்து கால்நூற்றாண்டு கழித்து, 2020இல் வந்த பதினான்காம் பதிப்பில்தான். இத்துணைச் சிறிய உதவிக்கு இத்துணைக் காலமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சராசரி செய்யும் சூழ்ச்சி

நிரல் நின்றுவிடுவது துன்பமாயினும் நேர்மையான துன்பம். நில்லாமல் ஓடித் தவறான விடை தருவது அதனினும் கொடிது. தரவுத்தளங்களில் இதனைக் காணலாம்.

ஒருத்தி வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 கிலோவாக 150 கிலோ பறித்தாள். ஆறாம் நாட் கட்டம் வெற்றாக உள்ளது. அவள் சராசரி என்ன? தரவுத்தளங்களின் பொதுமொழியாகிய எஸ்.கியூ.எல். வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது. ஐந்தால் வகுத்து 30 என்று கூறும். அதே கட்டத்தில் எவரோ சுழியத்தை இட்டிருந்தால், ஆறால் வகுத்து 25 என்று கூறும். நாளுக்கு 28 கிலோ பறித்தவர்க்கு ஊக்கப்படி உண்டு என்று விதி இருக்குமாயின், ஒரு சுழியம் அவள் கையிலிருந்து அப்படியைத் தட்டிவிடும். அவள் நோயுற்றிருந்தாளாயின் 30 முறையானது. காரணமின்றி வரவில்லை எனின் 25 முறையானது என்று வாதிடலாம். ஏட்டில் காரணம் இல்லாதபோது பொறி எதனையோ ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. யாரும் தேர்ந்ததாகவே தெரிவதில்லை.

வேடிக்கை இதனோடு முடியவில்லை. ஆறு நாட் கட்டங்களையும் கூட்டற்குறியால் ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னால், அதே மொழி வாரக் கூட்டுத்தொகை முழுவதையும் அறியப்படாதது என்று கூறிவிடும். ஒரு கட்டம் தெரியாதெனில் கூட்டும் தெரியாது என்பது அதன் வாதம். வாராத காரணம் நோய் அல்லாதோர் எவர் என்று கேட்டால், காரணம் எழுதப்படாதவர் அப்பட்டியலில் வரமாட்டார். அவரைப் பற்றி ஆம் என்றும் கூற இயலாது, அன்று என்றும் கூற இயலாது என்று மூன்றாவதொரு நிலையில் அம்மொழி அவரை நிறுத்திவைக்கும். நோயாளர் பட்டியலிலும் அவர் இல்லை; நோயாளர் அல்லாதோர் பட்டியலிலும் இல்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் தோட்டத்தில் ஆள் குறையும்.

தொடர்புநிலைத் தரவுத்தளத்தை 1970இல் முதன்முதலாக வகுத்த ஐ.பி.எம். அறிஞர் எட்கர் காட் இதனை உணராதவர் அல்லர். பின்னாளில், 1990இல் வெளிவந்த தம் நூலில், வெற்றிடம் இருவகைப்படும் என்று பிரித்தார். ஒன்று, உண்டு ஆயினும் அறியப்படவில்லை; மற்றொன்று, இவர்க்கு அது பொருந்துவதே இல்லை. கங்காணியின் பெயர் எழுதப்படாமை முதல் வகை. ஆண் தொழிலாளியின் பேறுகால விடுப்பு நாள் இரண்டாம் வகை. எஸ்.கியூ.எல். மொழி இப்பிரிவை ஏற்கவில்லை. இரண்டுக்கும் இன்றும் ஒரே வெண்மைதான்.

மருந்துகள்

இனி, நிரலர்கள் கண்ட தீர்வுகள். முதல் தீர்வு, கேட்குமுன் பார்த்தல். கங்காணி உளரா என்று வினவி, உளராயின் பெயர் கேட்பது. எளிது, ஆனால் ஒவ்வோரிடத்தும் நினைவாகச் செய்ய வேண்டும். நூறு இடத்தில் செய்து ஓரிடத்தில் மறந்தால் அந்த ஓரிடத்தில்தான் நிரல் நிற்கும். அன்றியும், பிழை ஏன் வந்தது என்று ஆராயாமல் எங்கும் காவல் போடும் பழக்கம் வந்துவிட்டால், கங்காணி இல்லாத பிரிவுகள் பெருகியும் ஒருவரும் அறியார்.

இரண்டாவது தீர்வு அழகுடையது. 1977இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் அலெக்சாண்டர், வீடும் ஊரும் அமைப்பதில் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல்களுக்கு வாய்த்த தீர்வுகளைத் தொகுத்து நூல் செய்தார். அதனைப் பின்பற்றி 1994இல் நால்வர் சேர்ந்து பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு 23 அமைவுகளைத் தொகுத்தனர். அவ்வழியில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பாபி உல்ப் என்பார் 'வெற்றுப் பொருள்' என்னும் அமைவை எழுதினார். ஆள் இல்லாத இடத்தில் வெறுமையை வைக்காமல், இல்லாமையைத் தன் தொழிலாகக் கொண்ட ஒரு பொருளை வைப்பது அதன் கருத்து. மார்ட்டின் பவுலர் 1999இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தந்த எடுத்துக்காட்டு நினைத்தற்குரியது. மின்கூலி அனுப்பும் நிறுவனத்துக்கு ஒரு வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாது. வெற்றுச் சுட்டுக்கு மாறாக, 'பெயரறியா வாடிக்கையாளர்' என்னும் பொருளை அங்கே வைத்தால், பெயர் கேட்கும்போது 'குடியிருப்போர்' என்று அது விடை கூறும். கட்டண முறை கேட்டால் அடிப்படை முறை என்று கூறும். நிரல் நிற்பதில்லை. 2002இல் பெருநிறுவன நிரல்களுக்கென அவர் எழுதிய நூலில் இதனைச் 'சிறப்பு நிலை' என்று விரித்தார்.

செக்ரோலுக்கு இது மிகவும் பொருந்தும். நாட் கட்டத்தில் வேலைநாள், நோய்விடுப்பு, பேறுகால விடுப்பு, காரணமின்மை, இன்னும் எழுதப்படவில்லை என ஐந்து வகுப்புகள். ஒவ்வொன்றையும் அன்றைய கூலி எவ்வளவு என்று கேட்கலாம். வேலைநாள் கொழுந்து நிறையைப் பார்த்துக் கூறும். நோய்விடுப்பு சட்டப்படி கூறும். காரணமின்மை சுழியம் என்று கூறும். சட்டம் 60 நாளை 98 ஆக்கியபோது, ஒரு வகுப்பில் மட்டும் கைவைத்தால் போதும். எழுதப்படாத நாளோ சுழியம் என்று கூறவே கூடாது. கிராணியாரைக் கேள் என்று கூறி, அந்த ஒருத்தியின் சீட்டை மட்டும் நிறுத்திவைத்து, மற்றவர் சீட்டை விட வேண்டும். வெற்றுப் பொருளைக் கையாள்வோர் பலர் தவறுவது இவ்விடத்திலேதான். எல்லா இல்லாமைக்கும் சுழியத்தை விடையாக வைத்துவிட்டு, நிரல் நிற்கவில்லை என்று மகிழ்கின்றனர். நில்லாத நிரல் ஒருத்தியின் கூலியை ஓசையின்றி விழுங்கிவிடும்; அவள் வந்து கேட்கும்வரை வழு வெளிப்படாது. கேட்கத் தெரியாதவளாயின் என்றுமே வெளிப்படாது.

மூன்றாவது தீர்வு, வெறுமைக்கு விகுதி சேர்ப்பது. எடின்பரோவில் ராபின் மில்னர் எழுபதுகளில் தொடங்கிய எம்.எல். மொழி மரபில், ஒரு விடை இல்லாமற்போகலாம் எனின், அதன் வகையிலேயே அதனை அறிவிப்பர். கங்காணி என்பது ஒரு வகை. 'கங்காணி இருக்கலாம்' என்பது வேறு வகை. பின்னதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பெயர் கேட்டால், மொழிமாற்றி திணை வழுப்போலத் தடுத்துவிடும். இருந்தால் என்ன, இல்லையேல் என்ன என்று இரண்டும் கூறியபின்னரே வழிவிடும். பெருநிறுவன உலகம் இதனை ஏற்க நாற்பதாண்டு ஆயிற்று. ஜாவா தன் எட்டாம் பதிப்பில், 2014இல், 'ஆப்ஷனல்' என்னும் பெட்டியைத் தந்தது. உள்ளே பொருள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அப்பெட்டி வெளிப்படக் கூறும். ஆயின் பழைய மொழியின் மேல் ஒட்டிய ஒட்டு ஆதலின், பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பெட்டியே வெற்றுச் சுட்டாக இருக்கவும் கூடும்! 2016இல் முதற்பதிப்பு கண்ட காட்லின் மொழியோ இதனை வேரிலேயே வைத்தது. அதில் வகையின் பெயருக்குப் பின் ஒரு வினாக்குறி இட்டால்தான் அது வெறுமையாகலாம். வினாக்குறி இல்லாதது வெறுமையாக முடியாது. ஒரு விகுதி செய்யும் வேலையை ஒரு வினாக்குறி செய்கிறது. 2019இல் சி ஷார்ப்பின் எட்டாம் பதிப்பும் இவ்வழிக்கு வந்தது. பழைய நிரல்களில் எச்சரிக்கை வெள்ளமாகப் பெருகும் என அஞ்சி, வேண்டுவோர் மட்டும் திறந்துகொள்ளும் கதவாக அதனை வைத்தனர்.

ஹோர் 2009இல் இலண்டனில் நடந்த நிரலர் மாநாட்டில் பேசும்போது, வெற்றுச் சுட்டைப் படைத்தமைக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அதனால் விளைந்த இழப்பு நூறு கோடி டாலர் இருக்கும் என மதிப்பிட்டு, அதனையே தம் உரைக்குத் தலைப்பும் ஆக்கினார். நிரலாக்க மொழிகளுக்குச் செய்த தொண்டுக்காக 1980இல் டூரிங் விருது பெற்றவர். 2000இல் நைட் பட்டம் பெற்றவர். அத்தகையவர் எழுபத்தைந்தாம் அகவையில் மேடையேறித் தம் பழம்பிழையைத் தாமே எடுத்துரைத்தது அறிஞர் உலகில் அடிக்கடி காண்பதொன்றன்று.

குடும்பப் பெயர் என்னும் கட்டம்

தமிழர்க்கு மிக அண்மையான வெற்றுக் கட்டம் ஒன்று எஞ்சியுள்ளது. அது பெயர்க் கட்டம். மேலை நாட்டார் எழுதிய நிரல்களில் 'ஆள்' என்னும் வகுப்புக்கு முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு பண்புகள், இரண்டும் கட்டாயம். தோட்டத்துத் தமிழர்க்கோ உள்ளது ஒரு பெயர். அதனுடன் தந்தையின் பெயர். மலேசிய அடையாள அட்டையில் ஆணுக்கு 'ஏ/எல்' என்றும் பெண்ணுக்கு 'ஏ/பி' என்றும் இடையில் வரும். மலாய் மொழியில் மகன், மகள் என்று பொருள்படும் தொடர்களின் சுருக்கம் இவை. இதில் குடும்பப் பெயர் என்பது அறியப்படாதது அன்று, பொருந்தாதது. காட் பிரித்த இரண்டாம் வகை.

படிவமோ வெறுமையை ஏற்காது. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி எழுதினால், மனைவியின் குடும்பப் பெயர் ஒன்று, கணவன் குடும்பப் பெயர் ஒன்று, பிள்ளைகளுடையது மற்றொன்று என ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் தோன்றும். சாய்கோட்டைத் தகாத எழுத்து என்று தள்ளும் படிவங்களும் உண்டு. அங்கே ஏ/எல் என்பது 'ஏஎல்' என்று பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கடவுச்சீட்டில் ஒரு வடிவமும் பயணச் சீட்டில் மற்றொரு வடிவமும் நின்று, வானூர்தி நிலையத்தில் விளக்கம் கூற வேண்டி வரும். அமெரிக்காவில் 'நல்' என்பதையே குடும்பப் பெயராகக் கொண்ட சிலர் தம் பெயரை இணையப் படிவங்கள் வெற்றுக் கட்டமென்று கருதித் தள்ளுவதாக முறையிட்டுள்ளனர். பெயர் உடையாரைப் பெயரிலி ஆக்கியது அது. இங்கே நடப்பது அதன் மறுபுறம். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லச் சொல்கிறது படிவம்.

அமெரிக்க நுழைவிசைவில் இதற்கொரு வழக்கம் உண்டு. கடவுச்சீட்டில் ஒரே பெயர் உடையவரின் அப்பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டுவிட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் 'எப்.என்.யூ.' என்று அச்சிடுவர். முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் விரிவு. தாய் இட்டு அழைத்த பெயர் அடுத்த கட்டத்திலேயே அச்சாகி இருக்கும்.